மஞ்சள் நீலமாகும் வரை

முதலில் கன்ட்ரோலைத்தான் பார்க்க வேண்டும். அதுதான் முறை. நோயாளியின் ஸ்லைடைத் தொடுவதற்கு முன்னால், நோய் இல்லாத ஒருவருடைய ரத்தத்தில் சாயம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், அது சரியாக இருந்தால்தான் மற்றதில் தெரிவதை நம்பலாம். பார்க்கலாம். இன்னும் காயவில்லை. காயாத ஸ்லைடில் எண்ணெய் விட்டால் எல்லாம் குழம்பிப் போகும். இரண்டு ஸ்லைடும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் சாய்ந்து நிற்கின்றன, கழுவிய சிவப்புத் தண்ணீர் அடியில் சொட்டிக் காகிதத்தில் ஊறுகிறது. ஓரத்தில் நானே பென்சிலால் எழுதியிருக்கிறேன், ஒன்றில் கன்ட்ரோல், இன்னொன்றில் கவின்ராஜ். கவின்ராஜ் என்று எழுதும்போது வேறு யாரோ ஒரு பையனுக்கு எழுதுவதுபோல் இருந்தது, ஏனென்றால் எங்கள் வீட்டில் அவனை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, அவன் குப்பாண்டி, என் அக்கா பேச்சியம்மாளின் மகன், நாலு வயது, இந்தக் கதவுக்கு வெளியே வராந்தா பெஞ்சில் இப்போது அவள் மடியில் கிடக்கிறான். எழுந்துபோய்க் கதவைத் திறந்தால் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதனால் போகவில்லை. டாக்டர் நூர்ஜஹான் காலையிலேயே சொல்லிவிட்டார், "சாயம் போடுறது வரைக்கும் நீ பண்ணு முப்பிடாதி. உன் அக்கா பையன் ஸ்லைடை நீ பார்க்க வேண்டாம். நான் ரவுண்ட்ஸ் முடிச்சிட்டு வந்து பார்க்குறேன். கன்ட்ரோல் மட்டும் சரிபார்த்து வை." சரி மேடம் என்றேன். சொந்தக்காரர்கள் பார்த்தால் கண் பார்க்க விரும்புவதைத்தான் பார்க்கும், அது எனக்கும் தெரியும், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அவனுடைய ஸ்லைடு என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது. பார்க்க மாட்டேன். சொன்னால் சொன்னதுதான். மின்விசிறியை இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கலாமா, தூசி பறந்து ஒட்டும், வேண்டாம், காயட்டும்.

நீலமாக வேண்டும். அவ்வளவுதான். வேறு எதையும் நான் கேட்கவில்லை, இந்த மூன்று நாளாகச் சாப்பிடும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் இந்த ஒரு சொல்தான் வாய்க்குள் உருண்டுகொண்டிருக்கிறது, நீலம், நீலம். சாயம் முதலில் மஞ்சள்தான், எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் கலந்ததுபோல வெளிறிய மஞ்சள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்து, வெள்ளை அணுக்கள் ஒட்டிக்கொள்ளும்வரை இன்குபேட்டரில் வைத்துவிட்டு, சாயத்தோடு இன்னொரு மருந்தையும் சேர்த்து ஊற்றுவோம், கிருமி வந்துவிட்டது என்று அணுக்களை ஏமாற்றுகிற மருந்து. நல்ல அணு ஏமாறும். ஏமாந்து, உடனே ஆக்ஸிஜனை இழுத்து அதை நஞ்சாக்கும், கிருமியைக் கொல்ல அது வைத்திருக்கும் ஆயுதம் அந்த நஞ்சுதான், அந்த நஞ்சு பட்டால் மஞ்சள் கருநீலமாகி அணுவுக்குள்ளேயே கட்டியாக உறைந்துவிடும். நஞ்சு செய்யத் தெரியாத அணு கிருமியை விழுங்கும், ஆனால் கொல்லாது, வயிற்றில் உயிரோடு வைத்துக்கொண்டே உடம்பெல்லாம் சுற்றும். மஞ்சள் அங்கே மஞ்சளாகவே போய்விடும். குப்பாண்டிக்குப் பிறந்ததும் போட்ட தடுப்பூசி ஆறவில்லை, அக்குளில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி வந்தது, பிறகு கழுத்தில், பிறகு ஈரலில் சீழ் கட்டி, வயிற்றில் குழாய் போட்டு எடுத்தார்கள், இப்போது நெஞ்சில் நிழல் தெரிகிறது என்று இங்கே அனுப்பியிருக்கிறார்கள். நெல்லிக்காய் அளவு. ஏன் அந்தச் சொல்லே வருகிறது. எம்.எஸ்சி.யில் என் புராஜெக்ட் நெல்லிக்காய்தான். நெல்லிக்காய்ச் சாற்றுக்கு ஆக்ஸிஜன் நஞ்சை அடக்கும் சக்தி எவ்வளவு என்று அளந்தேன், வேதியியல் வாசனையே இல்லாத வீட்டிலிருந்து வந்து அளந்தேன், கையெல்லாம் கறை. ஊருக்குப் போனபோது அக்காவுக்கு விளக்கினேன். நாம் மூச்சு விடுகிற காற்றே நம்மை உள்ளே துருப்பிடிக்க வைக்கிறது அக்கா, பழைய தகரம்போல, இதுதான் துருவைத் தடுக்கும், எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளைகளுக்குத் துரு இன்னும் அதிகம். அவள் வாயைத் திறந்து கேட்டாள். "காத்தா நம்மளத் திங்கி? படிச்சவ சொன்னா சரியாத்தாம்ட்டி இருக்கும்." அதிலிருந்து மாதாமாதம் நெல்லிக்காய்ப் பொடி அனுப்பினேன், தேனில் குழைத்துக் கொடு என்றேன், அவன் துப்பத் துப்பக் கொடுத்தாள். முந்தாநாள் டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அதனால கெடுதல் ஒண்ணும் இல்லம்மா. உதவியும் ஒண்ணும் இல்ல. நஞ்சு கூடிப்போற பிள்ளைகளும் இருக்காங்க, உண்மைதான். இவனுக்கு நான் சந்தேகப்படுறது வேற. இவனுக்குக் கூடல. இல்லவே இல்லையோன்னு பார்க்கணும்." உதவியும் ஒன்றும் இல்லை. கெடுதல் என்று சொல்லியிருந்தால்கூட அழுதிருப்பேன், அழுது முடித்திருப்பேன். கூடினால் உடம்பைத் தின்னும், இல்லாவிட்டால் கிருமி உடம்பைத் தின்னும், நடுவில் எங்கேயோ மெல்லிய கோடு, அந்தக் கோட்டில் எல்லாப் பிள்ளைகளும் சர்வசாதாரணமாக ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

சிவப்புச் சொட்டு நின்றுவிட்டது. நடுவில் இன்னும் ஈரம் மினுங்குகிறது. ஊதக் கூடாது. அவன் என்றால் ஊதியிருப்பான், எதைக் கொடுத்தாலும் ஊதிவிட்டுத்தான் வாயில் வைப்பான், ஐஸைக்கூட. டாக்டர் விவரம் கேட்டபோதும் அப்படித்தான், தெர்மாமீட்டரை வாங்கி ஊதினான். டாக்டர் கேட்டுக்கொண்டே வந்தார், சாப்பாடு, தண்ணீர், வீட்டில் ஈரச் சுவர் உண்டா, மாடு உண்டா, "குப்பை, எரு, வைக்கோல், இதுலல்லாம் விளையாடுவானாம்மா? அதுல இருக்குற பூசணம் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது." அக்காவின் முகம் மலர்ந்தது. ஏதோ ஒரு கேள்விக்காவது தன்னிடம் நல்ல பதில் இருக்கிறது என்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள். "குப்பையிலதான மேடம் போட்டு எடுத்தோம்! மூத்தவன் தங்கலைல்லா, அதான் இவன் பெறந்த உடனே குப்பைமேட்டுல உருட்டி, தவிட்டுக்கு வித்து வாங்கி, குப்பாண்டின்னு பேரு வச்சோம். வருசா வருசம் பெறந்த நாளுக்கும் ஒருக்க உருட்டுவோம். போன மாசங்கூட உருட்டுனோம்." டாக்டரின் பேனா நின்றது. நான் தரையைப் பார்த்தேன். தரையில் ஒரு பஞ்சுத் துண்டு கிடந்தது. ஒன்றும் ஆகாத பிள்ளை என்று சாமிக்குக் காட்ட வேண்டும், கேவலமான பிள்ளை, குப்பையில் கிடந்த பிள்ளை, இதை எடுத்துக்கொண்டு போய் உனக்கு என்ன ஆகப்போகிறது என்று எமனை ஏமாற்ற வேண்டும். ஏமாற்றத்தான் போட்டார்கள். ஈரக் குப்பை, நன்றாக மக்கிய குப்பை, கிளறினால் சாம்பல் நிறத்தில் புகைபோல எழும்பும், அதற்குள் வைத்து உருட்டினார்கள், சுற்றி நின்று குலவை போட்டார்கள். அவன் சிரித்தானாம். மூச்சை இழுத்து இழுத்துச் சிரித்திருப்பான். நெஞ்சில் நிழல். "இனிமே செய்யாதீங்கம்மா" என்று மட்டும் டாக்டர் சொன்னார், மெதுவாக. அக்காவுக்கு என்ன தப்பாகச் சொன்னோம் என்று புரியவில்லை, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இதை அக்காவின் மாமியார் கேட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும். மூத்தவன் செத்த வீட்டிலேயே, பாயைச் சுருட்டுவதற்கு முன்னாலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னவள். "ஒங்க ஆத்தாளுக்கும் ஆம்பளப் பிள்ள தங்கல. ஒங்க ஆத்தா கூடப் பெறந்த பயலுவளும் பாலகனாப் போனவனுவதான். பொட்டைக மட்டும் கல்லு மாதிரி நிக்கீங்க. ஒங்க வம்சத்து வயிறே அப்படித்தான்." நான் சும்மா இருக்கவில்லை. காலேஜ் முதல் வருஷம், வாய் சும்மா இருக்காத வயது. அதெல்லாம் மூடநம்பிக்கை அத்தை, பிறக்கிறது ஆணா பெண்ணா என்று முடிவு செய்வதே அப்பா பக்கம்தான், எங்கள் வயிற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எழுந்து நின்று சொன்னேன். படித்த பிள்ளை என்று விட்டார்கள். அக்கா மட்டும் என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

காய்ந்துவிட்டதா. விரலின் பின்பக்கத்தால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் குளிர்ச்சி. என் முழங்கை மடிப்பில் சகாயம் சார் ஒட்டிய பிளாஸ்திரி இழுக்கிறது. அவர் இந்த லேப்பின் சீனியர் டெக்னீசியன், எப்போதும் கன்ட்ரோலுக்கு அவர் ரத்தம்தான், "இந்த ஆஸ்பத்திரியிலயே நோயில்லாத மனுசன் நான் ஒருத்தன்தான், அதையும் நீங்க உறிஞ்சிக் குடிச்சிருங்க" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார். இன்று அவருக்குப் பல்வலி, தாடை வீங்கி மாத்திரை சாப்பிடுகிறார், அதனால் ஆகாது. வேறு யாரையாவது கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் குப்பாண்டி ஊசியைப் பார்த்துவிட்டுப் பெஞ்சுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டான். அக்கா காலைப் பிடித்து இழுக்கிறாள், அவன் பெஞ்சுக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறான். "சித்திக்கிப் போடு. சித்திக்கிப் போட்டாத்தான் எனக்கு." சகாயம் சார் வீங்கிய தாடையோடு சிரித்தார். "பாத்தியா, பயலுக்கு நியாயம் தெரியுது. வா தாயி, நீயே இன்னைக்குக் கன்ட்ரோலா இருந்திரு, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா." நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கையை நீட்டினேன். அவன் பெஞ்சுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, என் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். ஊசி இறங்கியபோது சிரித்தேன். "பாத்தியா, வலிக்கவே இல்ல." "பொய்யி." "சத்தியமா வலிக்கலடா." பிறகுதான் வந்தான், வந்து என் மடியில் உட்கார்ந்தே கொடுத்தான், கத்தவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு சகாயம் சாரின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமாக்குள்ளயும் கட்டியா?" என்று கேட்டான். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த நேரத்தில் எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது, அவனுக்காக நான் ஏதோ கொடுத்தேன் என்று. போன வாரம் அக்கா கேட்டிருந்தாள். அந்த நோயாகவே இருந்தாலும் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை நல்லவர்களிடமிருந்து எடுத்து வைத்தால் புதிய ரத்தம் ஊறுமாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், "நீ குடுப்பியாட்டி?" என்றாள். சித்தியின் மஜ்ஜை பொருந்துவது அபூர்வம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், குடுப்பேன்க்கா, எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிடட்டும் என்றேன், அபூர்வம் என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தம் இல்லையே. அன்றிலிருந்து என் எலும்புகளை நான் வேறு மாதிரி நினைக்கிறேன். குளிக்கும்போது இடுப்பெலும்பைத் தொட்டுப் பார்க்கிறேன், ஏதோ அவனுக்காகச் சேர்த்து வைத்த தானியம்போல.

காய்ந்துவிட்டது. கன்ட்ரோலைத்தான் எடுக்கிறேன், இரண்டு தடவை எழுத்தைப் படித்துவிட்டுத்தான் எடுக்கிறேன். ஒரு சொட்டு எண்ணெய். லென்ஸை இறக்குகிறேன், கண்ணை வைக்கிறேன், முதலில் வெறும் சிவப்பு மங்கல், திருகைத் திருப்பத் திருப்ப மங்கலுக்குள்ளிருந்து அணுக்கள் எழும்பி வருகின்றன. நீலம். இதோ நீலம். மைக்குப்பியில் முக்கி எடுத்ததுபோல ஒரு கருநீலக் கட்டி, எவ்வளவு அழகு, என்னுடைய ரத்தம், ஏமாந்து நஞ்சு செய்த என்னுடைய அணு. அப்பாடா என்று மூச்சு விட்டேன். சாயம் நன்றாக இருக்கிறது. அடுத்தது, நீலம் இல்லை. வெறும் இளஞ்சிவப்பு, வயிறு காலி, ஒன்றிரண்டு அப்படி இருக்கும், நூறில் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும். அடுத்தது நீலம். அடுத்தது இல்லை. அடுத்ததும் இல்லை. எண்ணுகிற கருவியை எடுத்துக் கட்டை விரலால் தட்ட ஆரம்பித்தேன், நீலத்துக்கு இடது, இல்லாததற்கு வலது, டக், டக், வலதிலும் அதே வேகத்தில் டக், டக், நிறுத்திவிட்டேன். வேறு இடத்துக்குத் தள்ளினேன். அங்கேயும் அப்படியே. ஸ்லைடின் ஓரம், நடு, மேலே, கீழே, எங்கே போனாலும் நீலம் ஒன்று வெறுமை ஒன்று, மின்சாரம் பாதி ஊருக்கு மட்டும் வந்ததுபோல. சாயம் கெட்டுவிட்டது. ஆமாம், சாயம் கெட்டுவிட்டது! நெஞ்சு குதித்தது. எழுந்தே விட்டேன். சாயம் கெட்டிருந்தால் இன்றைய சோதனையே செல்லாது, அவனுடைய ஸ்லைடில் நீலம் இல்லாவிட்டாலும் அது அவன் குற்றம் இல்லை, சாயத்தின் குற்றம், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கித் திரும்பச் செய்யலாம், அதற்குள் நெஞ்சில் இருக்கிற நிழல் மருந்தில் கரையும், வெறும் சளி என்பார்கள், ஊருக்குப் போகலாம். பிரிட்ஜைத் திறந்து குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். தெளிவான மஞ்சள். வண்டல் இல்லை. போன வாரம்தான் கலந்தது, நான்தான் கலந்தேன், நேற்று முன்தினம் வேறொரு குழந்தைக்குப் போட்டபோது சகாயம் சாரின் ரத்தத்தில் எல்லாமே நீலமாக வந்தது. இல்லை, அதற்குப் பிறகு கெட்டிருக்கலாம். கரண்ட் போனதே, நேற்று மத்தியானம் போனதே. கெட்டிருக்கலாம். கெட்டிருக்கட்டும். கடவுளே, கெட்டிருக்கட்டும். குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பக் கண்ணை லென்ஸில் வைத்தேன். கெட்ட சாயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், எல்லாமே வெளிறும். எல்லாமே கொஞ்சம் நீலமாக, சோகையாக இருக்கும். இங்கே அப்படி இல்லை. இங்கே நீலம் முழு நீலம். பக்கத்தில் தோள் உரசிக்கொண்டு இருப்பது முழு வெறுமை. இரண்டு பேர் மேலும் ஒரே சாயம்தான் விழுந்தது. சாயம் ஆள் பார்த்து ஏறாது.

சாயம் ஆள் பார்த்து ஏறாது, சாயம் ஆள் பார்த்து ஏறாது, இதையே சொல்லிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், சொல்வதை நிறுத்தினால் அடுத்தது வந்துவிடும். வந்துவிட்டது. பெண்ணின் ஒவ்வொரு அணுவிலும் அந்த நஞ்சைச் செய்வதற்கான மரபுக் குறிப்பு இரண்டு பிரதி இருக்கும், ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது, ஒவ்வொரு அணுவும் இரண்டில் ஏதோ ஒன்றை மூடி வைத்துவிட்டு இன்னொன்றை மட்டும் கேட்டு நடக்கும். பரீட்சைக்கு இதைப் படம் போட்டுப் பாகம் குறித்திருக்கிறேன், முழு மார்க். அப்பாவைக் கேட்டு நடக்கிற அணுக்கள் எல்லாம் நீலம். லாரியில் உப்பு மூட்டை ஏற்றி இறக்கி, முதுகெல்லாம் வெடித்து, என்னைப் பீஸ் கட்டிப் படிக்கவைத்துவிட்டுச் செத்துப்போன அப்பா, இதோ நீலமாக நிற்கிறார், இங்கே, இங்கே, இங்கேயும். அம்மாவைக் கேட்டு நடக்கிறவை வெறுமை. அம்மா, நீ என்ன கொடுத்தாய் எனக்கு. அம்மாவுக்கு அவள் அம்மா. பாலகனாகவே போன மாமாக்கள், பெயர்கூட இல்லாத என் தம்பி, அக்காவின் மூத்தவன், ஆண் பிள்ளைக்கு ஒரே ஒரு பிரதிதான், அது அம்மா கொடுப்பதுதான், வேறு வழி இல்லை அவனுக்கு, பாதி நீலம்கூட இல்லை. பொட்டைக மட்டும் கல்லு மாதிரி நிக்கீங்க. அத்தை, நீங்கள் பார்த்தது சரி. காரணம் தெரியாமல் திட்டினீர்கள், ஆனால் பார்த்தது சரி. எழுந்து நின்று மூடநம்பிக்கை என்று சொன்னவள்தான் பார்க்கவில்லை. ஒரு நிமிடம். எனக்கு இருந்தால் அக்காவுக்கும் இருந்தாக வேண்டும் என்பதில்லையே. பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மா எனக்குக் கெட்டதையும் அவளுக்கு நல்லதையும் கொடுத்திருக்கலாம், அப்படியானால் அவன் தப்பித்தான், அப்படிக் கொடுத்திருந்தால் அம்மா காலில் விழுவேன். மூத்தவன். அக்குளில் கட்டி. ஈரலில் சீழ். எந்தக் கணக்கில் பாதிக்குப் பாதி. அவனுடைய ஸ்லைடு தட்டில் சாய்ந்து நிற்கிறது, காய்ந்துவிட்டது, பென்சில் எழுத்து என்னைப் பார்க்கிறது, நான் தொடவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன், தொடாமலேயே தெரிந்துவிட்டது. இடுப்பெலும்பு ஞாபகம் வந்தது. சேர்த்து வைத்த தானியத்தில் பாதி பதர். நல்லவர்களிடமிருந்து எடுத்து வைத்தால் என்றாளே அக்கா. நல்லவர்களிடமிருந்து. இந்த ஸ்லைடை இப்போது கீழே போட்டால் உடையும். கை தவறிவிட்டது மேடம், வேறு ஒருவரிடம் எடுத்துத் திரும்பப் போடுகிறேன் என்று சொல்லலாம். சகாயம் சாருக்குப் பல்வலி தீரட்டும். அல்லது காண்டீனிலிருந்து யாரையாவது. எல்லாம் நீலமாக வரும் ஒருவருடைய ரத்தம். அவனுடைய முடிவு மாறப்போவதில்லை, டாக்டருக்கு நஷ்டம் இல்லை, யாருக்கும் இல்லை. எனக்கு வரன் பார்க்கிறார்கள், அம்மா ஜாதகத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு அலைகிறாள். ஒரு விரலை விட்டால் போதும். கண்ணாடித் துண்டு அவ்வளவு லேசாக இருக்கிறது. ஆனால் அப்புறம் டாக்டர் அக்காவைக் கூப்பிட்டு அவள் ரத்தத்தை எடுப்பார், அவளுடையது பாதியாக வரும், உன்னிடமிருந்துதான்மா பிள்ளைக்கு வந்திருக்கிறது என்று சொல்வார், மாமியார் கேட்பாள், ஊர் கேட்கும், அவள் மட்டும் தனியாக நிற்பாள், நான் பக்கத்தில் படித்தவளாக, முழு நீலமாக நின்று ஆறுதல் சொல்வேன். முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தவளுக்கு.

கதவு திறந்தது. டாக்டர் நூர்ஜஹான் கையைத் துடைத்துக்கொண்டே, "ரெடியா?" என்றார். நான் எழுந்து இடம் விட்டேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், லென்ஸின் கீழ் இருந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு முதலில் அவனுடையதைத்தான் வைத்தார். முறை அது இல்லை மேடம் என்று சொல்ல வாய் வந்தது. அவருடைய கை திருகைத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தள்ளினார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், எதையோ தொலைத்தவர் தேடுவதுபோல. எண்ணுகிற கருவியைத் தொடவே இல்லை. எண்ண எதுவும் இருந்தால்தானே தொடுவார். பிறகு கன்ட்ரோலை வைத்தார். அங்கே கை நின்றது. "என்ன இது. சாயம் சரியில்லையா?" மஞ்சள் குப்பி இன்னும் என் கையில்தான் இருந்தது. ஆமாம் என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். "சாயம் சரியாத்தான் இருக்கு மேடம்." குப்பியை மேசையில் வைத்தேன். "கன்ட்ரோல்தான் சரியில்ல." "சகாயம் ரத்தம்தானே?" "இல்ல மேடம். என்னோடது." லென்ஸிலிருந்து முகத்தை எடுத்தார். கண்ணைச் சுற்றி லென்ஸின் வட்டம் அழுந்தியிருந்தது. என்னைப் பார்த்தார், பிளாஸ்திரியைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். "உட்காரும்மா" என்றார். உட்கார முடியாது மேடம், அக்கா காத்துக்கிட்டு இருக்கா. "நானே சொல்றேன். மருந்து இருக்கு, தினமும் விடாம குடுக்கணும், பெரிய ஊசிகள் இருக்கு, மஜ்ஜைக்கும் பதிவு பண்ணலாம். எல்லாத்தையும் நானே பேசுறேன்." சொல்லுங்க மேடம். அதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும்.

வராந்தாவில் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை, அவன் மடியில் இருந்தான், அவளுடைய கண் மட்டும் எழுந்து வந்து என் முகத்தைத் துழாவியது. "கலரு வந்துச்சாட்டி?" நான் பெஞ்சில் அவளை ஒட்டி உட்கார்ந்தேன். மருந்து நெடியும் அவன் தலை எண்ணெயும் கலந்து வந்தது. வரலக்கா என்றேன். அவள் தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள், சந்தைக்குப் போன பஸ் இன்னும் வரவில்லை என்று யாரோ சொன்னதுபோல. பிறகு ரொம்ப மெதுவாக, அவன் காதைக் கையால் மூடிக்கொண்டு, "எங்கிட்ட இருந்துதானா?" என்றாள். "மாமியா சொன்னாப்லயே எங்கிட்ட இருந்துதானா?" இப்படித்தான் கேட்பாள் என்று தெரியும். "அம்மாகிட்ட இருந்து வந்துருக்குக்கா. உனக்கு. எனக்கும்." "ஒனக்கா?" "எனக்கும்தான். இப்பந்தான் பாத்தேன். என் ரத்தத்துலயும் இருக்கு." அவள் என்னையே பார்த்தாள். புரிந்ததா புரியவில்லையா தெரியவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, மற்றக் கையால் என் தோளில் ஓங்கி அடித்தாள், இன்னொரு தடவை அடித்தாள், பிறகு அதே கையால் என் கழுத்தை வளைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நடுவில் நசுங்கிய குப்பாண்டி நெளிந்து வெளியே தலையை நீட்டினான். தன் கையை நீட்டி என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான், இரண்டிலும் ஒரே மாதிரிப் பிளாஸ்திரி. குனிந்து என்னுடையதில் ஊதினான். "சித்தி, வலிக்கா?" என்றான்.

"வலிக்குதுடா" என்றேன்.